வால்மீகி யாருக்குப் பாட்டன்?

பேர் என்னன்னு கேட்கிறவன் பேரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. முருகன் என்று சொன்னால் அவனுக்குத் திருப்தி வராது. முருகன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், கோயிலுக்கு வடக்கயா தெக்கயா, அப்பா என்ன பண்றாரு, அங்க நம்ம இன்னாரத் தெரியுமா என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ‘ஓகோ’ என்பான். அந்த ‘ஓகோ’வோடு விசாரணை முடியும். வடக்கே இவ்வளவு சிரமம் கிடையாது. அங்கே பேருக்குப் பின்னாலேயே வால் இருக்கிறது. சர்மா, மிஸ்ரா, தாக்கூர் என்றால் ஒரே கேள்வியில் வேலை முடிந்துவிடும்.

நம்ம ஊரில் அந்த வாலை வெட்டியாச்சு என்று பெருமை பேசுகிறோம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. நாயக்கரும் முதலியாரும் பிள்ளையும் பேரிலிருந்து உதிர்ந்தார்கள். நல்ல காரியம்தான். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்கவில்லை. ஆனால் துறக்கிறதுக்கு முதலில் பட்டம்னு ஒண்ணு கையில் இருக்கணுமே. ‘டேய்’ என்று சின்னப் பையன் கூப்பிட்டதற்கு ‘சாமி’ என்று பதில் சொன்ன கிழவனுக்கு எந்தப் பட்டம் இருந்தது? முனிசாமி என்று பெற்றவர்கள் வைத்த பேரில் உள்ள ‘சாமி’யைக்கூட வாயால் சொல்லப் பொறுக்காமல் முனியன் ஆக்கினார்கள். கணக்குப்பிள்ளையின் பதிவேட்டிலும் முனியன், பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் முனியன் மகன். நம் பேர்களை வெட்டியது சீர்திருத்தம் அல்ல.

இப்போது குடும்பப் பேரின் வேரைத் தேடுவது ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. குல வரலாறு, வம்ச வரலாறு, பூர்வீகம் என்று ஒவ்வொரு சாதிக்கும் புத்தகங்கள் வருகின்றன. அவற்றைப் படித்தால் ஒரே சூத்திரம்தான் தெரிகிறது. பேரில் உள்ள ஒரு சொல்லைப் பிடிப்பது, அதே சொல் வரும் கல்வெட்டைத் தேடுவது, அங்கிருந்து ஒரு ராசாவிடம் போய்ச் சேர்வது. இடையில் எழுநூறு எண்ணூறு வருஷம் என்ன ஆச்சு, யார் உழுதார்கள், யார் நட்டார்கள் என்ற கேள்வி வராது. நம்மவர்கள் சிலரும் இதே பாதையில் இறங்கி, நாங்களும் ஆண்டவங்கதான் என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். ஆண்டது உண்மையா பொய்யா என்பதல்ல என் சண்டை. ஆண்டிருந்தால்தான் மனுஷனா என்பதே என் சண்டை.

இந்த முறையில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆவணம் என்பது சொத்துள்ளவனின் நிழல். பத்திரம், பட்டா, செப்பேடு, கோயில் கல்வெட்டு எல்லாம் கொடுத்தவன் பேரையும் வாங்கினவன் பேரையும் எழுதிவைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ராசராசன் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. எதற்காக வருகின்றன? கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி தராத நிலத்தைக் கழித்துக் காட்டுவதற்காக. சேரி அங்கே ஒரு நில அளவு, அவ்வளவுதான். அதில் குடியிருந்தவர்களின் பாட்டன் பூட்டன் பேர் அந்தக் கணக்கில் இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1850லும் 1860லும் எடுத்த அடிமைக் கணக்குகளில் எசமான் பேர் இருக்கும். அதன்கீழே அடிமைகளின் வயசு, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பது மட்டும் வரிசையாக இருக்கும். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதல்முறையாகப் பேரோடு எழுதப்பட்டார்கள். குடும்ப வரலாறு தேடும் கறுப்பு மக்கள் அந்த வருஷத்தில் வந்து சுவரில் முட்டி நிற்கிறார்கள். லிட்டில் என்ற குடும்பப் பேரை வீசியெறிந்து மால்கம் தன் பேருக்குப் பின்னால் ‘எக்ஸ்’ போட்டுக்கொண்டது இதனால்தான். எனக்கு வைத்த பேர் என் எசமானின் பேர், என் பேர் எனக்குத் தெரியாது என்பதை ஒரே எழுத்தில் சொன்னார். தேடலின் தோல்வியையே பேராக்கிக்கொண்டார்.

நம்மிடையே இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் ஓம்பிரகாஷ் வால்மீகி. உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் பக்கம் பர்லா என்ற ஊரில் 1950இல் பிறந்து 2013இல் மறைந்தவர். 1997இல் இந்தியில் வந்த அவருடைய தன்வரலாறு ‘ஜூட்டன்’. எச்சில் சோறு என்று பொருள். கல்யாண வீட்டுக்கு வெளியே கூடையோடு காத்திருந்து, தின்று போட்ட இலைகளிலிருந்து மிச்சத்தைப் பொறுக்கிவந்து, காயவைத்து, மழைக்காலத்துக்குச் சேமித்துத் தின்ற வாழ்க்கையை அதில் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எச்சில் கூடையைப் பற்றியும், தலைமையாசிரியர் அவரைப் படிக்கவிடாமல் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருக்கவைத்ததைப் பற்றியுமே பேசுகிறார்கள். அதன் கடைசிப் பகுதியைப் பேசுகிறவர்கள் குறைவு. அந்தப் பகுதி முழுக்க ஒரே பொருளைப் பற்றியது. வால்மீகி என்ற அவருடைய குடும்பப் பேர்.

குல வரலாற்றுக்காரர்கள் செய்வதை அவர் அங்கே செய்யவில்லை. வால்மீகி எங்கள் மூதாதை, ஆதிகவி எங்கள் ரத்தம் என்றெல்லாம் மார்தட்டவில்லை. இந்தப் பேரை ஒருவர் காதில் போட்டால் அவர் முகம் என்னவாகிறது என்பதைத்தான் எழுதுகிறார். ரயிலில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த குடும்பம் சாதி தெரிந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் காற்றே இல்லை. நண்பர்களும் நலம் விரும்பிகளும், எதுக்கு இந்த வம்பு, பேரை மாத்திக்கோ என்கிறார்கள். புத்தகத்தின் முன்பகுதியில் மகாராஷ்டிரத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே வால்மீகி என்றால் என்ன சாதி என்று தெரியாத ஒரு பார்ப்பனக் குடும்பம் அவரைப் பார்ப்பனர் என்று நினைத்து வீட்டுக்குள் உட்காரவைத்து உபசரிக்கிறது. அந்த வீட்டுப் பெண் அவர்மேல் அன்பு வைக்கிறாள். தலித் பேராசிரியர் ஒருவருக்கு அந்த வீட்டில் தனிக் கோப்பையில் தேநீர் கொடுத்ததைப் பார்த்த பின், நானும் அப்படிப்பட்டவன்தான் என்று இவர் அவளிடம் சொல்லிவிடுகிறார். அழுகிறாள். அதோடு முடிந்தது. ஒரே பேர். ஒரு மாநிலத்தில் வீட்டு வாசலைத் திறக்கிறது, இன்னொரு மாநிலத்தில் சாத்துகிறது. பேருக்குள் ரத்தம் எதுவும் ஓடவில்லை, கேட்கிறவன் காதுக்குள்தான் சாதி ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வேடும் நிரூபிக்க முடியாது.

இந்தப் பகுதியின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், வெளியார் செய்த அவமானத்தில் இல்லை. வீட்டுக்குள் எழுந்த மறுப்பில் இருக்கிறது. அவர் மனைவிக்கு இந்தப் பேர் கடைசிவரை ஒட்டவில்லை. கோத்திரப் பேரைச் சொல்லிக்கொள்வதே அவருக்குச் சரி என்று படுகிறது. குழந்தை பிறந்திருந்தால் உங்கள் பேரை மாற்ற வைத்திருப்பேன் என்கிற அளவுக்குப் போகிறார். மகள் முறையாகும் ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே இவருடைய எழுத்து பற்றிப் பேச்சு வந்து, உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிடுகிறாள். பிற்பாடு அதை மறைக்காமல் இவரிடமே சொல்கிறாள். உங்களால் எதிர்கொள்ள முடியும், என்னால் முடியாது, சாதியைக் கழுத்தில் தமுக்காகக் கட்டிக்கொண்டு அலைவதில் என்ன லாபம் என்பது அவளுடைய வாதம்.

நம் விமரிசகர்கள் இந்தப் பெண்களைக் கோழைகள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தள்ள மனசு வரவில்லை. எழுத்தாளன் பேரைச் சுமந்தால் அதற்கு ஒரு மேடை கிடைக்கிறது. விருது வாங்குகிறான், எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பதில் எழுதுகிறான். பக்கத்து வீட்டில் காய்கறிக் கத்தி கடன் வாங்கப் போகிற மனைவிக்கு எந்த மேடை இருக்கிறது? விடுதி அறையில் மூன்று பேரோடு படுத்து எழுந்திருக்க வேண்டிய பெண்ணுக்கு எந்தப் பத்திரிகை பக்கம் ஒதுக்கும்? ஒரு குடும்பப் பேரை ஒருவன் கொடியாக ஏற்றினால், அந்தக் கொடிக்கம்பத்தைத் தோளில் தாங்குகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வால்மீகி அவர்கள் பக்கத்து நியாயத்தையும் அப்படியே எழுதிவைத்தார். தான் வென்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தப் பகுதி இன்றைக்கும் சுடுகிறது.

ஆனால் இந்தப் பகுதி ஒரு கதவைத் திறக்காமலே போகிறது. பேர் என்ன செய்கிறது என்று எழுதியவர், பேர் எப்படி வந்தது என்பதை இந்த நூலில் விரித்துச் சொல்லவில்லை. சமூகத்தின் வரலாற்றை 2008இல் வந்த ‘சஃபாயி தேவதா’ என்ற நூலில் தனியே எழுதினார் என்றாலும், தன் வாழ்க்கையின் நடுவில் அந்தக் கேள்வியை வைத்திருந்தால் ‘ஜூட்டன்’ இன்னும் கூர்மையாகியிருக்கும் என்பது என் கருத்து. ஏனென்றால் வால்மீகி என்ற குடும்பப் பேருக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை.

பஞ்சாபிலும் உத்தரப்பிரதேசத்திலும் மலம் அள்ளவும் தெருக் கூட்டவும் தள்ளப்பட்ட மக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தனி வழிபாடு இருந்தது. அவர்களுடைய குரு லால் பேக். மண்ணால் ஒரு மேடு, அதில் விளக்கு வைக்க மாடம். அவ்வளவுதான் கோயில். சடங்குகளில் குர்சிநாமா என்ற வம்சாவளிப் பாட்டைச் சொல்லுவார்கள். யாருக்கு யார் குரு, எந்த யுகத்தில் எது நடந்தது என்று அடுக்கிக்கொண்டே போகும். ரிச்சர்ட் டெம்பிள் 1884இல் வெளியிடத் தொடங்கிய பஞ்சாப் கதைத் தொகுதியில் லால் பேக் வம்சாவளிகளை அச்சேற்றினார். 1894இல் காசியில் கிரீவன் என்ற அதிகாரி துடைப்பத்தின் வீரர்கள் என்று பேர் வைத்து ஒரு சிறு நூலே போட்டார். கவனியுங்கள். வம்சமே இல்லாதவர்கள், வரலாறே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் தங்கள் வம்சாவளியை மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்திரம் இல்லை, பாட்டு இருந்தது.

அந்தப் பாட்டுகளில் பாலா, பால்மீக் என்ற ஒருவரும் வருகிறார். லால் பேக்கின் பிறப்போடு தொடர்புள்ளவர். ஆகவே பேர் முழுக்க வெளியிலிருந்து இறக்குமதியானது என்று சொன்னால் அதுவும் பிழை. நடந்தது வேறு. 1870களிலிருந்தே பஞ்சாபில் இந்த மக்கள் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்குப் போனார்கள். சிலர் சீக்கியத்துக்குப் போனார்கள். 1926இல் மங்கூராம் தொடங்கிய ஆதி தர்ம இயக்கம், நாங்கள் இந்துவே இல்லை என்று கிளம்பி, 1931 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படிப் பதியவைத்தது. சட்டசபை இடங்கள் தலைக்கணக்கில் பிரிக்கப்பட்ட காலம் அது. தலைகள் கைநழுவிப் போவதைப் பார்த்த ஆரிய சமாஜக்காரர்கள் 1920களிலும் 30களிலும் பாட்டில் இருந்த பால்மீக்கைப் பிடித்து, இவர்தான் ராமாயணம் பாடிய வால்மீகி முனிவர், நீங்கள் அவர் வழிவந்த இந்துக்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். லால் பேக் என்ற பேரில் முஸ்லிம் வாடை அடித்தது. அதனால் அவரை மறக்கச் சொன்னார்கள். பாட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரை அடித்துவிட்டார்கள். பேர் ஆராய்ச்சி என்பது இப்படியும் நடக்கும். ஒரு சொல் ஒற்றுமை கிடைத்தால் போதும், ஒரு சமூகத்தையே மதம் மாற்றிவிடலாம். மாற்றியது என்றும் பேர் வராது, தாய்வீடு திரும்பினார்கள் என்றுதான் வரும்.

அதற்கப்புறம் சட்டம் வந்து கதவைப் பூட்டியது. 1950இல் வந்த ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமுடியாது என்றது. சீக்கியத் தலித்துகளை 1956லும் பௌத்தர்களை 1990லும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். லால் பேக்கை நினைவில் வைத்திருந்தால் சான்றிதழ் கிடைக்குமா? மறப்பதற்குக் கூலி கொடுத்த அரசு இது. ஜோயல் லீ என்ற ஆய்வாளர் லக்னோவில் இந்த மக்களோடு பழகி 2021இல் வெளியிட்ட நூலில், லால் பேக் வழிபாடு மறைந்துபோகவில்லை, வெளியே ஒரு பேரும் உள்ளே ஒரு நினைவுமாக மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்கிறார். ‘ஜூட்டன்’ படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பர்லாவில் தீபாவளியன்று லட்சுமியைக் கும்பிடவில்லை, மாயி மதாரனைக் கும்பிட்டார்கள். கிருஷ்ண ஜெயந்தியன்று கிருஷ்ணன் இல்லை, ஜாஹர்பீர். வால்மீகியே எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் ஜாஹர்பீர், பேருக்குப் பின்னால் வால்மீகி. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து அவர் கேள்வி கேட்கவில்லை. நாம் கேட்கவேண்டும்.

இப்படிக் கொடுக்கப்பட்ட பாட்டன் யார்? வழிப்பறிக்காரனாக இருந்து திருந்தி முனிவரானவர் என்பது கதை. அதாவது உன் மூதாதை ஒரு பாவி, நாங்கள் சொன்ன மந்திரத்தால் மேலே வந்தவன். நீயும் அப்படி மேலே வரலாம், முதலில் குளி, குடிக்காதே, மாமிசம் தின்னாதே. இந்தப் புத்திமதிக்கு ஏற்ற பாட்டனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே வால்மீகி பேரில் உள்ள உத்தரகாண்டத்தில்தான் தவம் செய்த சூத்திரன் சம்பூகன் தலையை ராமன் வெட்டுகிறான். சம்பூகனை வெட்டியதைப் பாடினவரைக் கொண்டுவந்து சம்பூகனின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனாக உட்கார வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை இருக்கிறது. 1920களில் எல்.சி. குருசாமி போன்றவர்கள் இழிபேரை உதறுவதற்காக அருந்ததியர் என்ற பேரை முன்வைத்தார்கள். சக்கிலி என்ற சொல் வசவாகவே ஆகிவிட்ட ஊரில் அந்தத் தேவை நியாயமானது. அந்தத் தலைமுறையின் வலியைக் கேலி பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அருந்ததி யார்? வசிஷ்டர் பெண்டாட்டி. தாழ்ந்த பிறப்புள்ள அட்சமாலை வசிஷ்டரைச் சேர்ந்ததால் மதிப்புப் பெற்றாள் என்று மனு சொல்கிறார். அவளே அருந்ததி என்பார்கள். கல்யாணத்தில் மணப்பெண்ணை அம்மி மிதிக்கவைத்து வானத்தில் அருந்ததியைக் காட்டுவார்கள். அந்த நட்சத்திரத்தின் பேரைத் தாங்கியவர்கள் அதே கல்யாண வீட்டுக் கொல்லையில் எச்சில் இலைக்குக் காத்திருந்தார்கள். வடக்கே வால்மீகி, தெற்கே அருந்ததி. இரண்டு பேரும் புராணத்தில், இரண்டு சமூகமும் சாக்கடையில்.

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது இந்த இரண்டு பேரும் ஒரே வழக்கில் சந்தித்துக்கொண்டன. பஞ்சாபில் 1975 முதல் வால்மீகிகளுக்கும் மஜபி சீக்கியர்களுக்கும் தந்த முன்னுரிமையும், தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்குத் தந்த மூன்று சதவீதமும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டன. அங்கே யாரும் ஆதிகவியின் வம்சம் என்று வாதாடவில்லை. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் துடைப்பத்தோடு நின்றார்கள் என்பதுதான் வாதம். பேரின் புராணம் கோர்ட்டு வாசலில் நின்றுபோனது. பேரின் வரலாறு மட்டும் உள்ளே போனது. வம்சக் கதையைவிட வேலைக் கணக்கு பெரிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் மூலத்தைத் தேடவே கூடாதா? தேடணும். எப்படித் தேடுவது என்று அம்பேத்கர் காட்டியிருக்கிறார். 1948இல் வந்த அவருடைய நூல், தீண்டப்படாதவர்கள் யார், அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று கேட்டது. எந்த ராசா வம்சம் என்று கேட்கவில்லை. எப்போது, எதனால், யாருடைய லாபத்துக்காக என்று கேட்டது. அந்த நூலை நந்தனாருக்கும் ரவிதாசருக்கும் சோகாமேளருக்கும் காணிக்கையாக்கினார். ரத்த வம்சத்தில் பாட்டன் தேடாமல், அடிபட்டவர்களிலிருந்து பாட்டன்களைத் தானே தேர்ந்துகொண்டார். நம் அயோத்திதாசரும் காத்தவராயன் என்று பெற்றோர் வைத்த பேரை விட்டுத் தனக்குக் கற்பித்த ஆசிரியரின் பேரை ஏற்றவர். பேர் பிறப்பிலிருந்து மட்டும் வரவேண்டியதில்லை, படிப்பிலிருந்தும் வரலாம் என்று அன்றைக்கே வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஓம்பிரகாஷ் செய்த காரியம் வேறு மாதிரித் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் துரோணரின் வறுமையைச் சொல்லுகிறார். பாலுக்கு வழியில்லாமல் மகனுக்கு மாவைக் கரைத்துக் கொடுத்த கதை. வகுப்பே உருகுகிறது. இந்தப் பையன் எழுந்து, நாங்களுந்தான் சோற்றுக் கஞ்சித்தண்ணியைக் குடிக்கிறோம், எங்களைப் பற்றி ஏன் எந்தக் காவியத்திலும் இல்லை என்று கேட்கிறான். அடி விழுகிறது. உன் உடம்பிலேயே காவியம் எழுதுகிறேன் என்று சொல்லிப் பிரம்பால் முதுகில் எழுதுகிறார் வாத்தியார். பிற்காலத்தில் அந்தப் பையன் கவிஞனாகி, வெட்டப்பட்ட சம்பூகன் தலையைப் பற்றிக் கவிதை எழுதினான். அதன்கீழே போட்ட கையெழுத்து வால்மீகி.

பேரின் மூலத்தை அவர் ஆராயவில்லை என்று மேலே குறை சொன்னேன். அந்தக் குறை நிற்கட்டும். ஆனால் கொடுத்த பேருக்குள் புகுந்து, கொடுத்தவன் கணக்கைக் கெடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். முதல் வால்மீகி சம்பூகனைக் கொன்றவன் பக்கம் நின்று பாடினார். இந்த வால்மீகி சம்பூகன் பக்கம் நின்று பாடினார். இனிமேல் வால்மீகி என்றால் எந்த வால்மீகி என்று கேட்கவேண்டிய நிலைமை இந்தி இலக்கியத்துக்கு வந்துவிட்டது.

நம் இளைஞர்கள் குல வரலாறு எழுத உட்காரும்போது முதல் பக்கத்தில் ராசாவைத் தேடவேண்டாம். பேரை யார் வைத்தது, எந்த வருஷம், எந்தப் பதிவேட்டில், அதற்கு முன்னால் என்ன பேர் இருந்தது, அதை யார் அடித்தார்கள் என்று எழுதட்டும். கிழவிகள் பாடும் பாட்டில் வேறு பேர் இருக்கும், அதையும் எழுதட்டும். பேரைச் சொல்ல மறுத்த பெண்களின் காரணத்தையும் மறக்காமல் எழுதட்டும். அதற்கப்புறம் எந்தப் பேர் வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். அது நம் இஷ்டம்.